ஒப்புக்குச் சப்பாணி



சிறு வயதில் நாம் தெருவில் ஆடிய ஆட்டங்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கட்சி பிரித்த பிறகு ஒரு பையன் மிஞ்சி நிற்பான். அவனை விரட்டவும் மனம் வராது. சேர்த்துக்கொள்ளவும் இடம் இராது. "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லி ஓர் ஓரத்தில் நிறுத்துவோம். அவன் ஓடலாம், பந்தைப் பிடிக்கலாம், கூச்சலும் போடலாம். ஆனால் அவன் பிடித்த பந்தும் கணக்கில் சேராது. விட்ட பந்தும் கணக்கில் சேராது.

அந்தத் தெருவை விட்டு ஈராயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, பெரிய படிப்புப் படிக்கிறோம் என்று பெருமை பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பழக்கம் நம்மோடு அதே ரயிலில் ஏறி வந்துவிட்டது. இந்த ஆண்டு நம் விடுதிக்கு ஒரு தம்பி வந்து சேர்ந்தான். வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் கழித்து, காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவனுக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் மெஸ்ஸில் அவனுடைய பெயரைக் கேட்டோம். இரண்டாம் நாள் பெயரை மறந்தோம். மூன்றாம் நாள் முதல் அவன் பெயர் "வெயிட்டிங் லிஸ்ட்". சாப்பாட்டு வரிசையில் அவன் நின்றால், "தம்பி, உன் நம்பர் இன்னும் வரவில்லை" என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். நானே இரண்டாண்டுகளுக்கு முன் இரண்டாம் பட்டியலில்தான் இங்கே இடம் பெற்றேன் என்பதை மறைத்துவிட்டுச் சிரித்தேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் செலுத்த வேண்டிய கடன். ஆனால் மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் சங்கத்தின் ஏட்டில் இத்தனை பக்கம் கேட்கவில்லை. இரண்டாம் இடத்தில் நிற்பவனைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணமே தவறு என்பது என் கருத்து. அதை நிறுவ, நம்மில் பலரும் பார்த்திராத ஓர் ஆட்டத்தையும், அதில் பெயர் பெற்ற ஒரு மனிதரையும் துணைக்கு அழைக்கிறேன். அவர் பெயர் ஃபிராங்க் ரைக். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் குவார்ட்டர்பேக்காக இருந்து, பின்னர் பயிற்சியாளர் ஆனவர்.

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்து அன்று. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையால்தான் ஆடுவர். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. அதற்கு டச்டவுன் என்று பெயர். அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் மேலும் ஒரு புள்ளி. டச்டவுன் எட்டாத நிலையில் தொலைவிலிருந்தே உதைத்து, பந்து கம்பங்களுக்கிடையே சென்றால் மூன்று புள்ளி.

இந்த ஆட்டத்தின் மூளை குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முயற்சியும் அவன் கையில்தான் தொடங்கும். எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று நொடிகளுக்குள் அவன் முடிவு செய்ய வேண்டும். அந்த நொடிகளுக்குள் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள ஆட்கள் அவனைத் தரையில் வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். ஓர் அணியில் ஒரு நேரத்தில் ஒரு குவார்ட்டர்பேக்குக்குத்தான் இடம். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவது வழக்கம். இந்த இடத்தில் அவ்வாறு செய்வதில்லை. முதல்வன் அடிபட்டாலோ, மிக மோசமாக ஆடினாலோதான் இரண்டாமவனுக்கு வேலை. ஆகவே இரண்டாம் குவார்ட்டர்பேக் வாரந்தோறும் எல்லாப் பாடத்தையும் படிக்க வேண்டும். தேர்வு நடக்குமா என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

ரைக் 1961-ல் பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தில் லெபனான் என்னும் ஊரில் வளர்ந்தவர். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு முன்னால் பூமர் எசையாசன் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார். அவர் படிப்பு முடித்துப் போகும்வரை ரைக் காத்திருந்தார். 1984-ல் ஒருவழியாக முதலிடம் கிடைத்தது. உடனே தோளில் காயம். அவருடைய இடத்துக்கு ஸ்டான் கெல்பா என்பவர் வந்து நன்றாகவே ஆடினார். காயம் ஆறித் திரும்பியபோது ரைக்கின் இடம் மீண்டும் பெஞ்சுதான்.

அந்த ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் மயாமியில் ஓர் ஆட்டம். எதிரே நின்றது முந்தின ஆண்டின் தேசிய சாம்பியனான மயாமிப் பல்கலைக்கழக அணி. முதற்பாதி முடிவில் மயாமி 31, மேரிலாந்து சுழியம். இடைவேளையில் பயிற்சியாளர் பாபி ராஸ் ரைக்கை எழுப்பிவிட்டார். இரண்டாம் பாதியில் மேரிலாந்து ஆறு டச்டவுன் எடுத்தது. ஆட்டம் 42-க்கு 40 என்ற கணக்கில் மேரிலாந்தின் பக்கம் முடிந்தது. அந்நாள்வரை அமெரிக்கப் பல்கலைக்கழக முதல்நிலை ஆட்டங்களில் அத்தனை பின்தங்கிய பிறகு எந்த அணியும் வென்றதில்லை. 2006-ல்தான் அந்தச் சாதனை முறிந்தது.

மறு ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். பஃபலோ பில்ஸ் அணி மூன்றாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஜிம் கெல்லி வந்து சேர்ந்தார். அவர் அந்தத் தலைமுறையின் பெருவீரர்களுள் ஒருவர், முதலிடம் அவருடையது. ரைக் மீண்டும் இரண்டாமவர். ஆண்டுகள் ஓடின. சட்டை அழுக்காகாமலே ஆட்டம் முடிந்து வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1992-ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணி பஃபலோவை வென்றது. கெல்லிக்கு முழங்காலில் காயம். ஒரே வாரத்தில், 1993 ஜனவரி 3-ஆம் நாள், அதே ஹூஸ்டனோடு வெளியேற்றுச் சுற்று ஆட்டம். தோற்றால் வீட்டுக்கு. முன்னணி ஓட்டக்காரர் தர்மன் தாமசும் இடையிலே காயமுற்று ஒதுங்கினார். ஹூஸ்டனின் வாரன் மூன் முதற்பாதியிலேயே நான்கு டச்டவுன் எறிந்தார். இடைவேளையில் கணக்கு 28-க்கு 3. இரண்டாம் பாதி தொடங்கியதும் ரைக் எறிந்த பந்தை எதிரி ஒருவர் இடைமறித்து, அப்படியே 58 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார். 35-க்கு 3. அரங்கில் இருந்தவர்களில் பலர் எழுந்து வெளியே நடந்தார்கள்.

பிறகு நடந்ததை இன்றும் அங்கே கதையாகச் சொல்கிறார்கள். மூன்றாம் கால்பகுதியிலேயே, ஏறக்குறைய ஏழு நிமிட ஆட்ட நேரத்துக்குள், பஃபலோ நான்கு டச்டவுன் எடுத்தது. கால்பகுதி முடியும்போது 35-க்கு 31. கடைசிக் கால்பகுதியில் ரைக் எறிந்த பந்தை ஆந்திரே ரீட் பிடித்து அணியை முன்னே கொண்டுவந்தார்; அது ரீட் அன்று பிடித்த மூன்றாவது டச்டவுன். ஹூஸ்டன் முயன்று 38-க்கு 38 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் நேட் ஓடம்ஸ் என்பவர் ஹூஸ்டன் பந்தை இடைமறித்தார். ஸ்டீவ் கிறிஸ்டி 32 கெஜத்திலிருந்து உதைத்தார். 41-க்கு 38. முப்பத்திரண்டு புள்ளி பின்தங்கிய பிறகு பெற்ற வெற்றி. பல்கலைக்கழக ஆட்டத்திலும் தொழில்முறை ஆட்டத்திலும் மீட்சிக்கான சாதனை ஒரே மனிதரின் பெயரில் நின்றது. அந்த மனிதரோ இரண்டு இடத்திலும் முதல் ஆள் அல்லர்.

இதோடு கதையை நிறுத்தினால் அது சினிமா ஆகிவிடும். சினிமா காட்டி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்கையும் ரைக்கே வென்று கொடுத்தார். அதற்கடுத்த வாரம் கெல்லி குணமாகித் திரும்பினார், ரைக் பெஞ்சுக்குத் திரும்பினார். அந்த ஜனவரி 31-ஆம் நாள் சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டம் டல்லஸ் அணியோடு. இரண்டாம் கால்பகுதியில் கெல்லி மீண்டும் அடிபட்டார். மீண்டும் ரைக் களத்தில். டல்லஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1984-ல் மயாமியில் அவரிடம் தோற்ற அதே ஜிம்மி ஜான்சன். அன்று எந்த அதிசயமும் நடக்கவில்லை. 52-க்கு 17 என்று டல்லஸ் வென்றது.

1995-ல் கரோலினா பாந்தர்ஸ் என்ற புது அணி பிறந்தபோது, அதன் முதல் ஆட்டத்தில் முதல் குவார்ட்டர்பேக்காக இறங்கியவர் ரைக். முப்பத்து மூன்று வயதில், கடைசியாக முதலிடம்! மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் அணி தோற்றது. இளைஞர் ஒருவரிடம் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பழையபடி பெஞ்சில் அமர்ந்தார். இன்னும் இரண்டு அணிகளில் இருந்துவிட்டு, 1998-ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டார். பதினான்கு பருவங்களில் பெரும்பகுதி காத்திருப்பு.

ஆட்டத்தை விட்டவர் இறையியல் கல்லூரி ஒன்றின் வளாகத் தலைவராகச் சில ஆண்டுகள் பணி செய்தார். நாற்பத்தைந்து வயதை நெருங்கும்போது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் பயிற்சியாளர் பணிக்குக் கடைநிலையில் வந்து சேர்ந்தார். படிப்படியாக ஏறி, 2016-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அங்கே தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன்; அவரும் ஒரு காலத்தில் பிரெட் ஃபாவ்ரே என்ற மாவீரருக்குத் துணையாகப் பெஞ்சில் இருந்த குவார்ட்டர்பேக். 2017 டிசம்பரில் அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். கைக்கு எட்டிய பரிசு போயிற்று என்றார்கள். இரண்டாமவரான நிக் ஃபோல்ஸ் உள்ளே வந்தார். 2018 பிப்ரவரி 4-ஆம் நாள் சூப்பர் பவுலில், டாம் பிரேடியின் அணியை 41-க்கு 33 என்று ஈகிள்ஸ் வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது ஃபோல்ஸுக்கு. இரண்டாமவன் ஒருவனைக் களத்தில் நடத்தியவர்கள் இரண்டாமவர்களாய் இருந்த இருவர். அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்கு அஞ்சுவான் என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே மாதம் கோல்ட்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. எப்படி அழைத்தது? முதலில் ஜாஷ் மெக்டேனியல்ஸ் என்பவரைத் தேர்ந்து அறிவித்தும்விட்டார்கள்; அவர் கடைசி நேரத்தில் வர மறுத்தார். ஆகவே ரைக்! அந்த வேலையும் காத்திருப்போர் பட்டியலில் கிடைத்ததுதான். முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்தில் தோற்றவர், பருவ முடிவில் பத்து வெற்றி, ஆறு தோல்வி என்று அணியை வெளியேற்றுச் சுற்றுக்குக் கொண்டு சேர்த்தார். 2019 ஆகஸ்டில் அவருடைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் எதிர்பாராத வகையில் ஓய்வு பெற்றார். அதன்பின் பருவத்துக்கு ஒரு குவார்ட்டர்பேக் என்று தடுமாறி, 2022 நவம்பரில் வேலை போயிற்று. அடுத்த மாதமே, டிசம்பர் 17-ஆம் நாள், கோல்ட்ஸ் அணி 33-க்கு சுழியம் என்று முன்னணியில் இருந்தும் மின்னசோட்டாவிடம் 39-க்கு 36 என்று தோற்றது. ரைக்கின் முப்பதாண்டுச் சாதனை முறிந்தது; முறியக் காரணமானது அவரை விலக்கிய அணி. 2023-ல் தம் பழைய கரோலினாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பதினொரு ஆட்டத்தில் ஒன்றே வென்று, பருவம் முடியுமுன் அங்கும் விலக்கப்பட்டார். 2025-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவத்துக்கு இடைக்காலப் பயிற்சியாளர். அவரை அங்கே அழைத்தவர், அவ்வணியின் பொது மேலாளராக அமர்ந்திருந்த ஆண்ட்ரூ லக். தம்மை நடுவழியில் விட்டுப் போனவர் அழைத்ததும், நிலையில்லாத வேலை என்று தெரிந்தே போனார்.

நண்பர்களே, இப்போது நீங்கள் கேட்கலாம்: "பௌதிகம் படிக்கும் உனக்கு இந்த ஆட்டமெல்லாம் எப்படித் தெரியும்?" சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது அதுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்க்கிறோம். மூலப்பொருளை உலையில் 1,100 பாகைக்குச் சூடேற்றி, ஒரு நாள் முழுதும் அந்த வெப்பத்திலேயே நிறுத்தி, பிறகு மணிக்கு இரண்டு பாகை வீதம் மெல்லக் குளிர வைக்க வேண்டும். அவசரப்பட்டால் படிகம் கிடையாது. உலையை ஓட்டுபவர் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஒரு மூத்தவர், பீகார்க்காரர், நாங்கள் "பையா" என்று அழைப்போம். எனக்கு இடப்பட்ட வேலை, நான்கு மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுவது. உள்ளுக்குள் எனக்குக் கொதிப்பு. ஊரில் முதல் மதிப்பெண் வாங்கியவன், இங்கே வெப்பமானிக்குக் கணக்குப்பிள்ளையா? ஒப்புக்குச் சப்பாணியா? அந்தக் கோபத்தில் எதையும் கேட்கவில்லை, கவனிக்கவில்லை. எண்ணை எழுதினேன், வந்தேன், படுத்தேன்.

சென்ற குளிர்காலத்தில் பையாவின் தாயாருக்கு உடல்நலம் குன்றியது. உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் ஊருக்குப் போக நேர்ந்தது. மூன்று முறை தோற்று நான்காம் முறை ஏற்றிய உலை அது. ஐந்தாம் நாள் இரவு, வெப்பம் 900-ஐ நெருங்கியபோது, மின்சாரம் போயிற்று. சில நிமிடங்களில் திரும்பி வந்தது. ஆனால் உலையின் கட்டுப்பாட்டுக் கருவி முதலிலிருந்து தொடங்கி, மீண்டும் 1,100-ஐ நோக்கி ஏறத் தொடங்கியது. வளர்ந்த படிகம் மறுபடி கரைந்துவிடுமே என்று மட்டும் தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. கை நடுங்கியது. உலையை ஒரேயடியாக அணைத்துவிட்டேன். காலையில் திறந்தபோது, திடீர்க் குளிர்ச்சியில் படிகங்கள் எல்லாம் விரிசல் விட்டுச் சிதறிக் கிடந்தன.

பையா திரும்பி வந்தார். ஏசவில்லை. என் கையெழுத்தால் நிறைந்த அந்த நோட்டை எடுத்து முதல் அட்டையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மின்சாரம் போய் வந்தால் செய்ய வேண்டியவை அங்கே எழுதியிருந்தன. இருக்கும் வெப்பத்தில் உலையை நிறுத்து, அந்த இடத்திலிருந்து குளிர்ச்சியைத் தொடர். இரண்டு நிமிட வேலை. நான்கு மாதம் நாள்தோறும் அந்த நோட்டைத் திறந்தவன் நான். அந்த அட்டையை ஒருமுறையும் படித்ததில்லை.

அதற்குப் பிந்திய இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அறைத்தோழன் அமெரிக்கக் கால்பந்துப் பித்துப் பிடித்தவன். அங்கே ஞாயிறு பிற்பகல் என்றால் நமக்கு நள்ளிரவு. "தூங்காமல் விட்டத்தைப் பார்ப்பதற்கு இதைப் பார்" என்று 1993-ஆம் ஆண்டு ஆட்டத்தின் பழைய படத்தைப் போட்டுக் காட்டினான். எல்லாரும் மீட்சியைப் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ஆறேழு ஆண்டு பெஞ்சில் இருந்த ஒரு மனிதர், அழைத்த வாரத்தில் தயாராக இருந்தார். நான்கு மாதம் பெஞ்சில் இருந்த நான் தயாராக இல்லை. அவருக்கும் எனக்கும் வேறுபாடு திறமையில் இருக்கலாம், அது இருக்கட்டும். அவர் தம் நோட்டின் அட்டையைப் படித்திருந்தார். நான் படிக்கவில்லை.

"அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கவும் பெரும் சம்பளம் கொடுத்தார்கள், நமக்கு யார் கொடுக்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. காத்திருப்பது எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. வீட்டில் தங்கையின் திருமணம் காத்திருக்கும் மாணவனிடம் "நீயும் பொறுமையாக இரு" என்று நான் உபதேசம் செய்யத் துணியமாட்டேன். வாய்ப்பு இருந்தால் அவன் வேறு இடம் தேடிப் போகட்டும், அதில் இழுக்கில்லை. ஆனால் போகும்வரை இருக்கிற இடத்தின் வேலையைக் கற்றுக்கொண்டு போகலாம் அல்லவா? அதற்குச் சம்பளம் தேவையில்லை.

இன்னொருவர், "இலவு காத்த கிளிகளே அதிகம். ரைக்குக்கு வாய்ப்பு வந்தது; வராமலே போனவர்கள் எத்தனை பேர்?" என்றார். அதுவும் உண்மையே. வாய்ப்பு வரும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. ரைக்கின் கதையும் அந்த உறுதியைத் தரவில்லை. முதலிடம் வந்தபோதும் அவர் தோற்றிருக்கிறார், பணி இழந்திருக்கிறார். ஆனால் பதினான்கு பருவம் ஓரத்தில் நின்று பார்த்த பார்வை வீணாகவில்லை. களத்தில் இருப்பவன் தன்னை நோக்கி வருபவனைப் பார்க்கிறான். ஓரத்தில் இருப்பவன் இருபத்திரண்டு பேரையும் பார்க்கிறான். அந்தப் பார்வையே பின்னாளில் அவருக்குத் தொழில் ஆயிற்று. கேரி கூபியாக் என்பவர் ஜான் எல்வேக்குத் துணையாகவே தம் ஆட்டக் காலத்தைக் கழித்தார். 2016-ல் அதே டென்வர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சூப்பர் பவுல் வென்றார். அவரை அமர்த்தியவர் எல்வேயே. முதலாமவன் இரண்டாமவனின் அருமையை அறிந்திருந்தான்!

இரண்டாமவனுக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்தால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். பாபி ராஸ் இடைவேளையில் திரும்பிப் பார்த்தபோது அங்கே தயாரான ஓர் ஆள் இருந்தான் என்றால், அவனைத் தயார் செய்யவும் ஓர் ஏற்பாடு இருந்தது என்று பொருள். எங்கள் கூடத்தில் அந்த ஏற்பாடு ஓர் அட்டையின் உட்பக்கத்தோடு நின்றுவிட்டது. என்னை ஒருமுறை உலையைத் தொட விட்டிருந்தால் என் கை அன்று நடுங்கியிருக்காது. நான் கேட்காதது என் குற்றம். கேட்காமலே கற்றுக்கொடுக்கும் வழக்கம் இல்லாதது கூடத்தின் குறை. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் படிகங்களை உடைத்தன.

நம் சங்கத்துக்கு வருகிறேன். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அரங்கத்துக்கு யாரிடம் மனு எழுத வேண்டும், ஒலிபெருக்கி எந்தக் கடையில் வாடகைக்கு வரும், பொங்கலுக்குப் பாத்திரம் எவரிடம் வாங்குவது என்பதெல்லாம் செயலாளர் ஒருவருக்கே தெரியும். அவர் படிப்பு முடித்து ரயிலேறினால் அறிவும் ரயிலேறிவிடும். ஆண்டுதோறும் சுழியத்திலிருந்து தொடங்குகிறோம். துணைச் செயலாளர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். நாற்காலி அடுக்குவதோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது.

ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் முழுப் பொறுப்போடு துணைச் செயலாளரே நடத்தட்டும். செயலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாவது, பொங்கல் நாடகத்தில் ஒவ்வொரு பெரிய வேடத்துக்கும் பாடம் செய்த மாற்று ஆள் ஒருவர் இருக்கட்டும். அவர்களைக் கொண்டே விடுதிக் கூடத்தில் ஒரு நாள் முன்னதாக நாடகத்தை ஒருமுறை நடத்துவோம். மூன்றாவது, செலவில்லாதது: எந்தப் பட்டியலில் வந்தான் என்று ஒருவனையும் கேட்காமல் இருப்போம். பட்டியல் வாசலோடு முடிந்தது.

இப்போது எங்கள் உலையில் ஐந்தாம் முறையாகப் படிகம் வளர்கிறது. பையா வற்புறுத்தியதால் இம்முறை உலையை ஏற்றியவன் நான். அவர் பக்கத்தில் நின்றார். நோட்டில் வெப்பநிலை எழுத ஒரு முதலாண்டு மாணவன் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, நம் விடுதித் தம்பியின் பெயரைச் சொன்னேன். அவன் பெயரை, பட்டப்பெயரை அல்ல. முதல் நாளே நோட்டின் அட்டையைத் திறந்து காட்டினேன். பிறகு வேண்டுமென்றே உலையின் கருவியை நிறுத்தி, மறுபடி ஓட்டச் சொன்னேன். படிகம் ஏற்றாத வெறும் உலையில்தான். மூன்றாம் முறை தவறில்லாமல் செய்தான். நான் எந்தப் பட்டியலில் வந்தவன் என்பதையும் அன்றே அவனிடம் சொன்னேன். "தெரியும் அண்ணா, அலுவலகப் பலகையில் பழைய பட்டியல் இன்னும் தொங்குகிறது" என்றான். இத்தனை நாளும் தெரிந்தே, நான் சிரித்தபோது பேசாமல் இருந்திருக்கிறான்.

படிகம் நல்லபடியாக வருமா என்பது உலையைத் திறந்தால்தான் தெரியும். இரவில் மின்சாரம் போனால், அறையில் இருக்கும் இருவரில் எவருக்கும் கை நடுங்காது. அடுத்த பொதுக்கூட்டத்தில் என் மூன்று யோசனைகளும் விவாதத்துக்கு வருகின்றன. எதிர்ப்பவர்களும் அவசியம் வாருங்கள். தங்கள் மறுப்பையும் கொண்டுவாருங்கள்.